பெரியப்பாவுக்கு மூன்று குடைமிளகாய்

எங்கள் குடும்பத்தில் ஓவனில் சுட்ட குடைமிளகாயை முதன்முதலில் சாப்பிட்டவர் பெரியப்பா. எங்கள் வீட்டில் அதை முதன்முதலில் சமைத்தபோது அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எதுவோ விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்கு உடனே தோன்றியிருந்தால், பத்து வயதில் நான் இருந்ததைவிட நீங்கள் கெட்டிக்காரர். எனக்கு அது தோன்றவே பல வருடங்கள் ஆயின. அப்போது வகுப்பில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

சிங்கப்பூருக்குப் பாலத்தின் இந்தப் பக்கம், ஜொகூரில், மாசாய் என்ற ஊரில் எங்களுடையது வரிசை வீடு. மூன்று அறைகள். ஒன்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும். ஒன்றில் அப்பா, அம்மா, நான். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் நான் இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவாக வளர்ந்தேன். செல்லமும் இரண்டு பங்கு வந்தது, ரோத்தான் பிரம்படியும் இரண்டு பங்கு வந்தது.

பெரியப்பா காய்கறி லோரி ஓட்டினார். யோங் பெங் பக்கம் விடியற்காலையில் சரக்கு ஏற்றி, பாலம் தாண்டி சிங்கப்பூரில் இறக்கிவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்புவார். இறக்கும் இடங்களில் ஒன்று ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மீந்துபோன காய்கள் எங்கள் வீட்டுக்கு வரும். வளைந்த வெள்ளரிக்காய், முற்றிய பயத்தங்காய், யாருக்கும் வேண்டாத பாகற்காய். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தீர்மானித்தது நாக்கு அல்ல, லோரியில் மீந்தது. ஆனால் குடைமிளகாய் ஒரு நாளும் மீந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். “நல்லாத்தானே இருந்தாரு, ஒரு தலவலின்னுகூட சொன்னதில்லையே” என்று பதினாறு நாளும் வந்தவர்கள் எல்லோரிடமும் பெரியம்மா சொன்னார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம், நல்லாத்தான் இருந்தாரு என்றார்கள். துக்க வீட்டில் மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

ஓராண்டு திரும்பியது. தெவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த போன் வந்தது.

எங்கள் வீட்டில் போனை எடுப்பது என் வேலை. எதிர்முனையில் யாராவது திடீரென்று இங்கிலீஷில் பேசிவிடுவார்களோ என்று பெரியவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் என்னைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அன்றைக்குப் பேசியது தமிழ்தான். ஒரு பெண் குரல். பின்னால் தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம்.

“பாப்பா, நான் சிங்கப்பூர்லருந்து பேசறேன். வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?”

“பாசாருக்குப் போயிருக்காங்க.”

அந்தக் குரல் கொஞ்சம் நிம்மதி அடைந்த மாதிரி இருந்தது. “பரவால்ல. நீயே சொல்லிரு. பெரியப்பாவுக்கு அடுத்த வாரம் படையல் போடுவீங்கதானே? அவருக்கு ஸ்டஃப் பண்ணுன கேப்சிகம் ரொம்பப் புடிக்கும். ஓவன்ல வச்சு எடுப்போமே, அது. வந்தா மூணு சாப்புடுவாரு. முடிஞ்சா வைக்கச் சொல்லும்மா.”

“நீங்க யாரு ஆன்ட்டி?”

கொஞ்ச நேரம் தட்டுகள் மட்டும் பேசின. “கிச்சன்லருந்துன்னு சொல்லு. நம்பர் தரேன், எழுதிக்கோ. செய்யத் தெரியலன்னா போன் பண்ணச் சொல்லு.”

நான் நம்பரைச் சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே எழுதினேன். என் வாழ்நாளில் அதுவரை எனக்குக் கிடைத்த மிகப்பெரிய செய்தி அது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது, இறந்தவரைப் பற்றியது, உள்ளே ஓர் எண்ணிக்கையும் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து இருக்கும்போது சொன்னால்தான் அதற்கு மரியாதை என்று முடிவு செய்து, இரவுச் சாப்பாடுவரை அடக்கிக்கொண்டேன்.

சொன்னேன். யாரும் மெல்லவில்லை.

“எந்தக் கிச்சனு?” என்று அத்தைதான் முதலில் கேட்டார்.

“தெரியாது. கிச்சன்னுதான் சொன்னாங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆன்ட்டி.”

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா தண்ணீரை அவர் பக்கம் தள்ளினார். தள்ளிய விதத்தில் கால்வாசி தண்ணீர் மேசையில் இருந்தது. பெரியம்மா தட்டில் இருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

“எத்தன சாப்புடுவாருன்னு சொன்னாங்க பாப்பா?”

“மூணு.”

“மூணு,” என்றார் பெரியம்மா, கணக்கைச் சரிபார்ப்பவர் போல.

அவர்கள் ஏன் இப்படி உறைந்துபோனார்கள் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. குடைமிளகாய் என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. எனவே நான் உதவிக்குப் போனேன். “கேப்சிகம்னா பெரிய மொளகா. காரமே இருக்காது. புக்ல படம் இருக்கு, காட்டவா?”

“நீ வாய மூடிக்கிட்டு சாப்புடுடி,” என்றார் அத்தை.

அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “யாரோ எவளோ போன் பண்ணுனா, அதெல்லாம் நாம செய்யணுமா அண்ணி? விடுங்கலா. எப்பவும் வைக்கிறத வைப்போம்.”

பெரியம்மா நிமிர்ந்தார். “இல்ல தம்பி. அவருக்குப் புடிச்சது எல்லாமே எலையில இருக்கணும். இங்க இல்லாதத தேடிக்கிட்டு அவரு வேற எடத்துல போயி உக்காரக் கூடாது.”

அதை நான் அட்சரம் பிசகாமல் நம்பினேன். படையல் அன்று பெரியப்பா வருவார். இலையை ஒரு பார்வை பார்ப்பார். குடைமிளகாய் இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் அந்தக் கிச்சனில் உட்கார்ந்துவிடுவார். பாஸ்போர்ட் தேவைப்படாது என்பதால் அது சுலபமும்கூட. பெரியம்மா இங்கே இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பெரியவர்களுக்கும் இல்லை போலிருக்கிறது. துணி காயப்போடும் இடத்தில் அம்மாவும் அத்தையும் தலையோடு தலை வைத்துப் பேசுவார்கள். நான் போனதும் பேச்சு சோப்புத்தூளுக்கு மாறிவிடும். அத்தனை சோப்புத்தூள் பேச்சை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மாசாய் பாசாரில் குடைமிளகாய் கிடைக்கவில்லை. அப்பா மோட்டார்சைக்கிளில் ஜொகூர் பாரு போய் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கி வந்தார். சரியாக மூன்று.

“ஒண்ணு ரெண்டு கூடப் போட்டு வாங்க மாட்டீங்களா? வீணாப்போனா என்னா செய்யிறது?” என்றார் அம்மா.

“மூணுன்னுதானே சொன்னா அவ,” என்றார் அப்பா. உடனே, “சொன்னாங்க,” என்று திருத்திக்கொண்டார். திருத்தியது அம்மாவுக்கு அதைவிடவும் பிடிக்கவில்லை.

மூன்றும் பச்சை. சமையல் மேசையில் வைத்ததும் மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்தன. எங்களைப் போலவே அவற்றுக்கும் எப்படி நிற்பதென்று தெரியவில்லை.

தெவச நாள் வந்தது. மற்றதெல்லாம் தயாராகிவிட்டது: ஆட்டுப் பெரட்டல், கருவாட்டுக் குழம்பு, உப்புக்கண்டம் பொரித்தது, அவித்த முட்டை, மாங்காய் ஊறுகாய், அவர் குடிக்கிற கறுப்பு பீர் ஒரு போத்தல், அவர் பிடிக்கிற சிகரெட் ஒரு பாக்கெட். இதில் எதையும் யாரும் ருசி பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. படைக்கிற சாப்பாட்டை இறந்தவர் சாப்பிடுவதற்கு முன் உயிரோடிருப்பவர் வாயில் வைத்தால் அது எச்சில். விரலில் தொட்டு நக்குவதும் குற்றம்தான். இருபது வருடமாகச் செய்துவரும் கருவாட்டுக் குழம்புக்கு அதனால் ஆபத்தில்லை; கொதிக்கிற வாசனையிலேயே உப்பு நிற்கிறதா இல்லையா என்று அம்மா சொல்லிவிடுவார். குடைமிளகாய் விஷயம் வேறு. எங்கள் வீட்டில் அதன் ருசி தெரிந்த ஒரே ஆள் போட்டோவில் மாலையோடு இருந்தார். ருசி தெரியாத மூன்று பெண்கள், வாயில் வைத்துப் பார்க்காமல், அவர் ஒப்புக்கொள்கிற மாதிரி அதைச் செய்தாக வேண்டும். இதைவிடக் கடினமான பரீட்சையை நான் பிற்பாடு பல்கலைக்கழகத்தில்கூட எழுதவில்லை.

“உள்ள மீனு அரைச்சு வைக்கணும்னு நெனைக்கிறேன். சீனன் கடையில பச்ச மொளகாய்க்குள்ள வச்சு விக்கிறான்ல, அது மாதிரி,” என்றார் அம்மா.

“ஐயோ அண்ணி, அது சூப்புல போடறது. இது கத்தரிக்கா மாதிரி மசாலா அடைக்கிறதா இருக்கும்,” என்றார் அத்தை.

“கத்தரிக்காய ஓவன்லயா வைப்பாங்க?”

“எண்ணெய் ஊத்துவாங்களா, மாட்டாங்களா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நானா சிங்கப்பூரு போனேன்?”

இதைச் சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். மூலையில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா எதையும் கேட்டதாகக் காட்டவில்லை. ஆனால் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஓவன் ஏற்கெனவே அலமாரி மேலிருந்து இறங்கியிருந்தது. வட்டமான அலுமினியப் பாத்திரம் மாதிரி இருக்கும். மூடியின் நடுவே கண்ணாடி வைத்திருக்கும். சுவிட்சைப் போட்டால் சுடும், நிறுத்தினால் நிற்கும். அதற்குமேல் அதனிடம் பேச முடியாது. வருடத்தில் பதினொரு மாதம் பழைய சாரத் துணியில் சுற்றிக் கிடந்து, தீபாவளிக்கு முன் பிஸ்கட்டுக்காக மட்டும் எழுந்துவருவது. தீபாவளி இல்லாத நாளில் எழுப்பியதில் அதற்கும் குழப்பம்தான்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“நானே கேக்கறேன்.”

அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நம்பர் எழுதிய நாள்காட்டித் தாளை அப்பா அன்றன்றைக்குக் கிழிப்பதுபோல ஒரு வாரம் முன்பே கிழித்துவிட்டிருந்தார். வேறெங்கும் எழுதிவைக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வாயெடுத்தேன். பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த சின்னப் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்புகளில் தாள் நைந்திருந்தது.

போன் ஹாலில் இருந்தது. நான் கூடவே போய் நின்றேன். அம்மாவும் அத்தையும் சமையலறை வாசலில் சமைப்பது மாதிரி நின்றார்கள்.

“ஹலோ. நான்தான். ஆமா, அவரு வீட்டுலருந்துதான்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்மா. அழுவாதீங்க. எனக்கு நேரமில்ல, பன்னெண்டரைக்குள்ள எலை போடணும். அது எப்படி செய்யிறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அதன் பிறகு பெரியம்மா கேட்டுக் கேட்டுச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அம்மா உள்ளே செய்துகொண்டே போனார்.

“தலையச் சீவி எடுத்துரணும். வெதையெல்லாம் சுரண்டிரணும். சரி. சோறு முக்கா வேக்காடு. கோழிக் கறிய கொத்திக்கணும். வெங்காயம், பூண்டு, தக்காளி. எண்ணெய் ஒரே ஒரு கரண்டி. மெளகுத்தூளு. மேல சீஸ் ஒண்ணு. சரி. உப்பு?”

சமையலறையில் அம்மா உப்பு ஜாடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“உப்பே போடாமயா? ஏன்?”

வாசலில் மோட்டார் ஒன்று கடந்துபோனது.

“எந்த டாக்டரு? எப்பலருந்து? மூணு வருசமாவா?”

பெரியம்மா என்னைப் பார்க்காமலே கையை நீட்டி எதையோ தேடினார். நாற்காலியைத்தான் தேடுகிறார் என்று புரிந்து இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்துகொண்டு போனில் பேசி நான் பார்த்ததே இல்லை.

“மாத்திரையும் அங்கதான் வச்சிருந்தாரா? இல்லம்மா. எங்கிட்ட சொல்லல. இல்ல, ஒண்ணுமே சொல்லல. பயப்படுவேன்னா? அப்படியா சொன்னாரு?”

பிறகு புடவை முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “சரி, எவ்வளவு நேரம் வேகணும்?” என்றார்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அந்தக் கிச்சனில் பெரியப்பாவுக்கு உப்பில்லாத சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக. ஒரு மனிதர் விடியற்காலையில் எழுந்து லோரி நிறையக் காய்கறி கொண்டுபோய் இறக்கினால் ஒரு சிட்டிகை உப்பு போடக்கூட அவர்களுக்கு மனமில்லை. அதனால்தான் பெரியம்மாவுக்கு அழுகை வருகிறது. எனக்கே வந்தது.

கலவையைப் பெரியம்மாவே கையால் அடைத்தார். அம்மா உப்பு ஜாடியோடு பக்கத்தில் வந்து, “லேசா ஒரு விரலுக்காச்சும் போடட்டுமாக்கா?” என்று கேட்டார். பெரியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார்.

“வேணாம். அவங்க எப்படி செஞ்சாங்களோ அப்படியேதான்.”

அடைத்து முடித்து, நான் பள்ளிக்கு ரொட்டியில் வைத்துக் கொண்டுபோகும் சீஸை மேலே போர்த்தி, ஓவனை மூடினார்கள். பெரியம்மா கருவாட்டுக் குழம்புச் சட்டியின் முன்னால் நின்றார்.

“இத எடுத்துரலாமா?”

“எதுக்குக்கா? மாமாவுக்குப் புடிச்சதுதானே,” என்றார் அம்மா.

“புடிச்சதுதான்,” என்றார் பெரியம்மா. “உப்புக்கண்டமும் புடிக்கும். ஊறுகாயும் புடிக்கும். நாந்தான் தட்டுத் தட்டா போட்டேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை மூடினார். எனக்கு இதில் அழ என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. பிடித்ததைப் போட்டிருக்கிறார், நல்லதுதானே?

படைப்பதற்கு முன் எல்லோரும் குளித்துத் துணி மாற்ற வேண்டும். பெரியம்மா குளிக்கப் போனார். அம்மா அறைக்குள் புடவை மாற்றப் போனார். அத்தை இலை நறுக்கப் பின்பக்கம் போனார். அப்பா சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் நானும் ஓவனும் மட்டும் இருந்தோம்.

அந்த வீட்டில் நிலைமையின் தீவிரம் புரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்குப் பட்டது. பெரியப்பா வருவார். உப்பில்லாததை வாயில் வைப்பார். அங்கேயும் உப்பில்லை, இங்கேயும் உப்பில்லை என்று ஆகிவிட்டால் அவர் எங்கேதான் உட்காருவார்? பெரியம்மா குழப்பத்தில் இருக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நாம்தான் பார்த்துச் செய்யவேண்டும்.

கைத்துணியால் மூடியைத் தூக்கினேன். சீஸ் இன்னும் உருகவில்லை. ஒவ்வொரு சீஸையும் நுனியைப் பிடித்துத் தூக்கி, அடியில் உப்பைப் போட்டு, காப்பிக் கரண்டியின் காம்பால் கிளறிவிட்டு, மறுபடி போர்த்தினேன். எவ்வளவு என்கிறீர்களா? ஒரு சட்டிக் குழம்புக்கு அம்மா போடும் அளவு ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதை ஒவ்வொரு குடைமிளகாய்க்கும் போட்டேன். யாரும் ருசி பார்க்க அனுமதி இல்லாத வீட்டில் இதைவிடப் பாதுகாப்பான குற்றம் கிடையாது. சுண்டுவிரலில் மட்டும் சூடு பட்டது.

பெரியப்பாவின் அறையில் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துப் படைத்தார்கள். நடுவில் மூன்று குடைமிளகாய்கள், மேலே சீஸ் வழிந்து, கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் இடையில், வழிதவறி வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அப்பா பீரைத் திறந்து ஊற்றினார். சிகரெட்டைப் பற்றவைத்து, கண்ணாடித் தட்டின் விளிம்பில் வைத்தார். சூடம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர் சாப்பிடும்போது இருப்பவர்கள் பார்க்கக் கூடாது. கால்மணி நேரம் ஹாலில் நின்றோம். பெரியம்மா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே இருப்பவர் எதையாவது கேட்டுக் கூப்பிடுவார் என்பது போல.

அப்பா மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். சிகரெட் முழுக்கச் சாம்பலாகி வளைந்து நின்றது. “அண்ணன் புடிச்சிட்டாரு,” என்றார் அப்பா. அவர் ஒவ்வொரு படையலிலும் அதைச் சொல்வார்.

எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியம்மா முதல் குடைமிளகாயை எடுத்துத் தன் தட்டில் வைத்தார். பிட்டு வாயில் வைத்தார். மெல்வது நின்றது.

“உப்பு இருக்கு.”

அம்மாவைப் பார்த்தார். அம்மா பதறிவிட்டார். “நான் போடலக்கா! நீங்க வேணாம்னு சொன்னப்புறம் நான் ஜாடியவே தொடல.”

“நீயா?” என்று அத்தையின் பக்கம் திரும்பினார் பெரியம்மா.

“ஐயோ அலமாக், நானா? நான் எலை நறுக்கிக்கிட்டு இருந்தேன் பெரியண்ணி!” என்ற அத்தை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தேடினார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். “பாருங்க, எனக்குப் புல்லரிக்குது. அண்ணந்தான். அண்ணனேதான்!”

என்னை யாரும் கேட்கவில்லை. சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத சோம்பேறி என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. நான் சுண்டுவிரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு முட்டையைத் தின்றேன்.

பெரியம்மா இன்னொரு வாய் எடுத்தார். அதன் பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து வழிந்தது.

“எனக்குத் தெரியும்லா. சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே ‘உப்பக் கொண்டா’ம்பாரு. எஞ் சமையலுக்கே உப்பு கேக்குற ஆளு. இத எப்படி எறக்குவாரு?” என்றார். “அவராவே போட்டுக்கிட்டாரு.”

அந்தக் குடைமிளகாயை அவர் ஒரு பருக்கை மீதி வைக்காமல் தின்றார். கடலையே தின்ற மாதிரி இருந்திருக்கும். மற்ற இரண்டையும் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அப்பா மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, “அண்ணனுக்குக் கை கொஞ்சம் தாராளம்,” என்றார்.

பெரியம்மா காலமாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அன்றைக்கு அது ரோத்தான் பயம். அப்பா ரோத்தானைத் தூக்கிப்போட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த ஆன்ட்டி பெரியப்பாவுக்கு யார் என்பதற்கும் பதில் இல்லை. சரக்கு இறக்க வந்த நாளில் ஒரு தட்டுச் சாப்பாடு போட்டவரா, அதற்கு மேலா? தெரிந்த ஒருவர் போட்டோவில் இருந்தார். தெரிந்த இன்னொருவரிடம் கேட்கும் துணிச்சல் எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும்தான் இருந்தது. அவர் கேட்டாரா என்றும் தெரியாது.

அன்றைக்கு இலையை எடுத்ததும் பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டு நேராக போனுக்குப் போனார். இந்த முறை தாளைப் பார்க்கவில்லை.

“நான்தாம்மா. படைச்சாச்சு. சாப்ட்டாரு. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், சாமி சத்தியமா நான் உப்பு போடல. உள்ள உப்பு இருந்துச்சும்மா. அவராவே போட்டுச் சாப்ட்டிருக்காரு.”

ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றார். சிங்கப்பூருக்கு போன் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பது எங்கள் வீட்டில் பெரிய பாவம். நான் பக்கத்தில் போய் முந்தானையை இழுத்தேன்.

“லைன் கட்டாயிருச்சா பெரியம்மா?”

அவர் தலையாட்டினார். ஆமாமா இல்லையா என்று புரியவில்லை. ரிசீவரை என் காதில் வைத்தார்.

தட்டுகளின் சத்தம். அதைவிடக் கிட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சளி பிடித்திருக்கும்.

“ஹலோ ஆன்ட்டி.”

“பாப்பாவா? நெசமாவே உப்பு இருந்துச்சா?”

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் மனசாட்சியோடு பதில் சொல்ல முடிந்தது. “ரொம்ப இருந்துச்சு ஆன்ட்டி.”

“பாத்தியா! எத்தன தடவ சொல்லியிருப்பேன்! சொன்னா கேக்கவே மாட்டாரு, புடிவாதம் புடிச்ச மனுசன். செத்தும் திருந்தல பாரு…” என்று அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே சிரித்த மாதிரியும் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடம் உப்பில்லாமல் போட்டுவிட்டு, இப்போது எங்கள் பெரியப்பாவையே ஏசுவதா? அதுவும் தெவசத்தன்று? ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“பெரியம்மா, இவங்க பெரியப்பாவ ஏசுறாங்க!”

பெரியம்மா சண்டைக்குப் போவார் என்று பார்த்தேன். அவர் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏசுங்கம்மா,” என்றார். “நல்லா ஏசுங்க.”